களிமண் கொல்லையில் தட்டைப்பயறு: விதை ஊன்றுவது முதல் விதை எடுப்பது வரை

தட்டைப்பயறு அடிப்படையில் மானாவாரிப் பயிர். ஒன்றிரண்டு மழை தவறினாலும் தாக்குப்பிடித்துக் காய்க்கும் என்பதற்காகவே தண்ணீர் குறைந்த ஊர்களில் அதை விதைக்கிறார்கள். நம் டெல்டாக் கொல்லை அதற்கு நேர் எதிர். அடியில் களி, பக்கத்தில் வாய்க்கால், ஐப்பசி பிறந்தால் கணுக்கால் ஈரம். தினமும் தண்ணீர் விடுங்கள், எருவைத் தாராளமாகப் போடுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் குறிப்புகளை இந்த மண்ணில் அப்படியே பின்பற்றினால் இரண்டில் ஒன்று நடக்கும். விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். இல்லையென்றால் கொடி தளதளவென்று கூரை ஏறும், காய் மட்டும் இருக்காது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கொல்லைக்கு வேறு முறை வேண்டும். தண்ணீரை எப்படி வடியவைப்பது, எருவை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன்.

குத்துச்செடியா, கொடியா?

பயறாகச் சமைத்தால் காராமணி, தட்டைப்பயறு. பச்சையாகப் பறித்துப் பொரியல் செய்தால் பயத்தங்காய். இரண்டும் ஒரே இனம்தான், ரகம்தான் வேறு. விதைக்கடையில் கேட்கும்போது காய்க்கா பயறுக்கா என்று முதலில் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அது குத்துச்செடியா கொடியா என்பது. பந்தல் போடலாமா, எத்தனை அடி இடைவெளி, எப்போது விதைப்பது எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

காய்க்காக வளர்ப்பதில் கோ 2, பூசா கோமல், அர்க்கா கரிமா ஆகியவை பந்தல் இல்லாமலே நிற்பவை. நீளமாகத் தொங்கும் கொடிப் பயத்தங்காய் வேண்டுமென்றால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் லோலா, வெள்ளாயணி ஜோதிகா போன்றவை நன்றாக இருக்கும். பயறுக்கென்றால் கோ (சிபி) 7, வம்பன் ரகங்கள். வம்பன் என்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊர். நமக்கு அது தொலைவு இல்லை. நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. விதையும் உயிர் உரமும் இருக்கிறதா என்று அங்கே விசாரித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

மளிகைக் கடைக் காராமணியை ஊன்றினால் முளைக்குமா? பெரும்பாலும் முளைக்கும். ஆனால் குத்தா கொடியா என்று தெரியாது, எவ்வளவு பழைய விதை என்றும் தெரியாது. நாட்டு ரகங்களில் சில, பகல் நீளம் பார்த்துப் பூப்பவை. வெயில் மாதங்களில் ஊன்றினால் பகல் குறையும் வரை இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பயறுக்காக விதைப்பதானால் துணிந்து பார்க்கலாம். காய்க்கு என்றால் ரகம் தெரிந்த விதையே மேல்.

நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குத்துச்செடி என்றால் இருபது, கொடி என்றால் பத்து போதும். இருபத்தைந்து கிராம் விதை வாங்கினால் அடுத்த பட்டத்துக்கும் மிஞ்சும்.

எப்போது ஊன்றுவது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தட்டைப்பயறுக்கு டெல்டாவிலும் பொருந்தும், ஆனால் காரணம் வேறு. மானாவாரி ஊர்களில் ஆடியில் விதைப்பது வரப்போகும் மழையை நம்பி. இங்கே விதைப்பது மழைக்கு முன்னால் பறித்து முடிப்பதற்காக. டெல்டாவின் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கொட்டுகிறது. ஆடி முதல் வாரத்தில், அதாவது ஜூலை நடுவில் ஊன்றினால், குத்துச்செடி நாற்பத்தைந்து ஐம்பது நாளில் முதல் காய் தரும். ஆவணி நடுவில் தொடங்கி புரட்டாசி முடியும் வரை பறிக்கலாம். பயறு ரகமானால் எழுபதிலிருந்து தொண்ணூறு நாள் ஆகும். பண்டிகை எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து நவராத்திரிச் சுண்டலுக்கு வீட்டுக் காராமணியே கிடைக்கும். அதே விதையை ஆடிக் கடைசியில் ஊன்றினால் காய் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், நெற்றுக்குள்ளேயே பயறு முளைவிட்டுவிடும். ஆடி பிறந்ததும் ஊன்றுங்கள். பதினெட்டாம் பெருக்கு வரை போகலாம், அதற்கு மேல் பயறு ரகம் வேண்டாம்.

இரண்டாவது பட்டம் தை, மாசி. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிற அதே காலம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமே பாதிப் பயிரை வளர்த்துவிடும். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் சுலபமான பட்டம்: மழை பயம் இல்லை, களை குறைவு. தைப் பனியில் இலையில் சாம்பல் நோய் வரும், அசுவினிப் பூச்சியும் வரும். இரண்டையும் சமாளிக்கலாம்.

சித்திரை, வைகாசியில் விதைக்கவே கூடாது என்பதில்லை. செடி வெயிலைத் தாங்கும். இரவும் புழுக்கமாக இருக்கிற நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். அக்கினி நட்சத்திரத்தில் பூக்கிற மாதிரி ஊன்றினால் ஏமாற்றம்தான். புரட்டாசி முதல் கார்த்திகை வரை விதைப்பதை விட்டுவிடுங்கள்.

இடமும் மேட்டுப்பாத்தியும்

குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். கிணற்றடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாழையடி, தென்னை நிழல் மூன்றும் இதற்கு ஆகாது. வாய்க்கால் ஓரத்து வீடுகளில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஈரம் அடியிலிருந்தே ஊறும். ஒரு முழம் ஆழம் குழி தோண்டி மறுநாள் பாருங்கள். அடியில் தண்ணீர் கசிந்திருந்தால் மேட்டுப்பாத்தியின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

ஊருக்கு ஊர் மண் மாறும். திருவையாறு, கொள்ளிடக்கரைப் படுகையில் வண்டலும் மணலும் கலந்திருக்கும். அங்கே அரையடி மேடு போதும். வல்லம், ஒரத்தநாடு பக்கம் செம்மண். பாத்தி இல்லாமலேகூட வரும். பழைய டெல்டாவின் களிமண்ணில்தான் உழைப்பு. அங்கே ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டுங்கள். அகலம் மூன்றடி, இரண்டு பக்கமும் நின்றே கை எட்ட வேண்டும். பாத்திகளுக்கு நடுவே ஓடும் வடிகால் ஏதாவது ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் கொல்லையை விட்டு வெளியே போகும்படி இருக்கட்டும். இந்த வாட்டத்தைச் சரியாகப் பார்க்காமல் பாத்தியை மட்டும் உயர்த்தினால், வடிகால் குளமாகிப் பாத்தி அடியிலிருந்து நனையும்.

களியை இளக்க நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது உமிச்சாம்பலும் உமிக்கரியும். அரிசி ஆலையில் கேட்டால் மூட்டையாகவே கிடைக்கும். நான்கு சட்டி பாத்தி மண்ணுக்கு ஒரு சட்டி, அதோடு அரைச் சட்டி ஆற்றுமணல், அரைச் சட்டி நன்றாக மக்கிய எரு. மணலை மட்டும் கொஞ்சமாகக் களியில் கலந்தால் காய்ந்த பிறகு சுவர் மாதிரி இறுகும். அதனால் மக்கும் பொருளோ சாம்பலோ சேராமல் மணல் போடாதீர்கள். மண்ணைச் சேறாக இருக்கும்போது வெட்டுவதும் தவறு. கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வரும் வரை காத்திருப்பதில் நஷ்டமில்லை.

கடலோரத்தில், உப்பு பூக்கும் மண்ணாக இருந்தால், அந்த மண்ணோடு போராடுவதைவிட வேறு இடத்து மண்ணைக் கொட்டி மேடு கட்டுவது லாபம். ஆழ்குழாய்த் தண்ணீர் கரிப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

விதையைத் தயார் செய்வது

முதலில் பொறுக்குங்கள். சுருங்கியது, உடைந்தது, வட்டமாகத் துளை உள்ளது எல்லாம் விலக்குங்கள். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மூன்று நாளில் முளை தெரியும். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து என்றால் குழிக்கு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

ராத்திரி முழுக்க ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம். சுண்டலுக்கு ஊறவைக்கிற மாதிரி தட்டைப்பயறு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். தோல் வெடித்து, பருப்பு பிளந்து, ஈரமண்ணில் போட்டதும் அழுகும். டெல்டா மண்ணில் காய்ந்த விதையே போதும். மிகவும் காய்ந்த காலம் என்றால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் இல்லை.

ரைசோபியம் உயிர் உரம் ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு தேக்கரண்டியில் ஒரு சிட்டிகைப் பொடியைக் குழைத்து, விதையின் மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே ஊன்ற வேண்டும். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை வேரில் முடிச்சு போடும் அதே வகை நுண்ணுயிர்தான் தட்டைப்பயறிலும் போடும். ஆக, உங்கள் கொல்லையில் முன்பு உளுந்து விளைந்திருந்தால் மண்ணிலேயே அது இருக்க வாய்ப்புண்டு. நெல்வயலை மேடாக்கிக் கட்டிய மனையானால் பல வருஷம் தண்ணீர் நின்ற மண் அது, கட்டாயம் பூசுங்கள். வேர் அழுகல் வந்த இடம் என்றால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை, கிலோ விதைக்கு நான்கு கிராம் கணக்கில், முதலில் உலர்வாகக் கலந்துவிட்டு அப்புறம் ரைசோபியம். ரசாயன மருந்து ஏற்றிய விதையில் இரண்டும் வேலை செய்யாது.

ஊன்றுதல்

முந்தின நாளே பாத்தியை நனைத்து வையுங்கள். விதைத்த பிறகு தண்ணீர் ஊற்றினால் களிமண் மேலே பொருக்குத் தட்டும். தட்டைப்பயறு தன் பருப்பிலையை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகிற பயிர். பொருக்கு கனமாக இருந்தால் கழுத்து முறிந்துவிடும். முளை வராததற்கு விதையைக் குறை சொல்பவர்களின் பாத்தியைக் கிளறிப் பார்த்தால், பாதி நேரம் உள்ளே வளைந்த முளை இருக்கும்.

ஆழம்: களிமண்ணில் விரலின் முதல் கணு அளவு, அதாவது இரண்டு செ.மீ. மணல்பாங்கில் மூன்று, நான்கு செ.மீ. குழிக்கு இரண்டு விதை. அதே மண்ணைப் போட்டு மூடாமல், உமிச்சாம்பலும் எருத்தூளும் கலந்த பொடியால் மூடினால் பொருக்குப் பிரச்சினையே இல்லை. குத்துச்செடிக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி முக்கால் அடி. கொடிக்கு வரிசை மூன்றடி, கொடிக்குக் கொடி ஒன்றரை அடி. இடைவெளியைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் செடி நெருக்கமானால் துருவும் சாம்பலும் தானாக வரும்.

நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது, ஆணிவேர் அறுபட்டால் செடி சுணங்கும். ஊன்றிய இடத்திலேயே வளரட்டும்.

ஊன்றியதும் பாத்தி மேல் தென்னங்கீற்றைப் படுக்கவையுங்கள். வெயிலுக்கு மட்டுமில்லை, புறாவுக்கும் மைனாவுக்கும் சேர்த்துத்தான். முளைத்து வரும் பருப்பிலை அவற்றுக்குத் தின்பண்டம். மயில் நடமாட்டம் உள்ள ஊரானால் கீற்றுக்கு மேல் பழைய மீன்வலை ஒன்றும் தேவைப்படும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முளை தெரியும். தெரிந்த அன்று மாலையே கீற்றை எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் தண்டு வெளிறி நீண்டுவிடும்.

முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பூவாளியால் லேசாக. அப்புறம் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். ஏழெட்டு நாளில் குழிக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுங்கள். பிடுங்காமல் கத்தரியால் வெட்டினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடாது.

இந்த வயதில் வரும் இரண்டு தொல்லைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தண்டின் அடி தண்ணீர் கோத்த மாதிரி மெலிந்து செடி சாய்ந்தால் அது நாற்றழுகல்; ஈரம் அதிகம். செடி மஞ்சளாகி, தண்டின் அடி தடித்து வெடித்திருந்தால் அது தண்டு ஈயின் வேலை, உள்ளே புழு இருக்கும். முதலாவதற்குத் தண்ணீரை நிறுத்தி, சுற்றிலும் மண்ணைக் கீறிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு மோசமான செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றவற்றுக்குத் தண்டைச் சுற்றி மண் அணைத்தால் மேலே புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

பதினைந்தாம் நாள் ஒரு களைக்கொத்து, முப்பதாம் நாள் இன்னொன்று. அப்போதே மண் அணைத்துவிடுங்கள். முதல் களைக்குப் பிறகு வைக்கோல் மூடாக்கு போடலாம். ஆடிப்பட்டத்தில் மெல்லிசாக, தைப்பட்டத்தில் கனமாக. தைக்கு இது வரப்பிரசாதம். களிமண் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுப்பதை இது தடுக்கும்.

பந்தல்

குத்து ரகத்துக்கு எதுவும் வேண்டாம். கொடிக்கு இரண்டு மூங்கிலை ஆறடி இடைவெளியில் நட்டு, மேலும் கீழும் கயிறு இழுத்து, நடுவில் செங்குத்தாக வாழைநார் கட்டினால் போதும். சவுக்குக் கம்பு இருந்தால் இன்னும் நல்லது, அது காற்றுக்கு அசையாது. உயரம் ஆறடிக்கு மேல் வேண்டாம், எட்டாத உயரத்தில் காய்த்தால் முற்றிப்போகும். வேலி ஓரமாக விட்டால் பந்தல் செலவும் இல்லை. கிளுவை வேலி, கிளைரிசிடியா எதுவானாலும் ஏறிக்கொள்ளும், நிழல் கட்டாதபடி வேலியைக் கழித்துவிட்டால் சரி. கொடி பந்தலின் தலையைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை விட்டு, பூ கீழே இறங்கும்.

தண்ணீரும் எருவும்

ஆடிப்பட்டத்தில் மழை இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு முறை, படுகை மணலில் வாரத்துக்கு இரு முறை. தைப்பட்டத்தில் மூடாக்கு இருந்தால் பத்து நாளுக்கு ஒரு முறைகூடப் போதும். பூ வைக்கும்போதும் பிஞ்சு இறங்கும்போதும் மட்டும் மண் வறண்டுபோக விடாதீர்கள். மற்ற நேரத்தில் கொஞ்சம் தாகத்தோடு இருப்பது இந்தச் செடிக்கு நல்லதே. மதிய வெயிலில் இலை கவிழ்ந்து நிற்பதைப் பார்த்துக் குடத்தைத் தூக்க வேண்டாம். காலையிலும் கவிழ்ந்திருந்தால்தான் தண்ணீர்.

மழை பெய்து தண்ணீர் நின்றபின் இலை மொத்தமாக வெளிர் மஞ்சளானால் பலரும் உடனே யூரியாவைத் தேடுவார்கள். அது சத்துக் குறைவு அல்ல, வேருக்கு மூச்சு இல்லை. தண்ணீரை வடித்து, மேல்மண் பதமானதும் லேசாகக் கொத்திவிடுங்கள். ஒரு வாரத்தில் கொழுந்து பச்சையாக வந்தால் பிழைத்தது.

தழைச்சத்தை இந்தச் செடி காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து கொட்டினால் வேர் முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொண்டு, இலையாகப் போட்டுத் தள்ளும். நிறைய எரு விழுந்த மாட்டுக்கொட்டில் ஓரத்துக் கொடி காய்க்காததன் ரகசியம் இதுதான். முப்பதாம் நாள் வலுக் குறைந்த செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள்: முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அப்போது மட்டும் கை அளவு மண்புழு உரம்.

அடியுரமாகப் பாத்தி போடும்போது கலந்த எருவும் சாம்பலும் போதும். மொக்கு தெரியும்போது பஞ்சகவ்யம் லிட்டருக்கு முப்பது மி.லி. கலந்து தெளிக்கலாம். ரசாயனத்துக்கு ஆட்சேபம் இல்லாதவர்கள் வயலில் உளுந்துக்குச் செய்கிற மாதிரி, லிட்டருக்கு இருபது கிராம் டிஏபி உரத்தை ராத்திரி ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிக்கலாம்.

பூ, எறும்பு, பூச்சி

பூ விடிகாலையில் விரியும், உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்தாலேயே பிஞ்சு பிடிக்கும் என்பதால் தேனீ வரவில்லையே என்ற கவலை வேண்டாம். பூக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும் சிறு முண்டுகள் உண்டு, எறும்பு அதற்குத்தான் வருகிறது. எறும்பைப் பார்த்ததும் மருந்துப்பொடி தூவுவது அவசரம். எறும்பு காம்பில் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். கொழுந்து வரை வரிசையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அங்கே அசுவினி இருக்கும்.

அசுவினி கறுப்பாக, பேன் மாதிரி கொழுந்திலும் பிஞ்சிலும் அப்பியிருக்கும். தைப்பட்டத்தின் முதல் எதிரி இதுதான். முதல் நாளே கண்டால் விரலால் நசுக்குவதும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும் போதும். பரவிவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மி.லி. வேப்பெண்ணெய், அது கரையக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். பொறிவண்டும் அதன் முதலை மாதிரியான குட்டிப் புழுவும் செடியில் இருந்தால் நாலு நாள் பொறுங்கள், அவையே தின்று தீர்க்கும்.

அசுவினியை விட்டுவைத்தால் அது தேமலைப் பரப்பும். இலை பச்சையும் மஞ்சளும் கலந்து சுருங்கிய செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரியுங்கள், அதிலிருந்து விதை எடுக்காதீர்கள்; இந்த நோய் விதை வழியாகவும் வரும்.

ஆடிப்பட்டத்தில் தொல்லை கொடுப்பது புள்ளிக் காய்ப்புழு. பூவையும் மொக்கையும் பிஞ்சையும் நூலால் பின்னிக் கூடு கட்டி, உள்ளே இருந்து தின்னும். மேலே தெளிக்கும் மருந்து கூட்டுக்குள் போகாது என்பதால், கூடு கட்டுவதற்கு முன் மொக்குப் பருவத்திலேயே வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். லிட்டருக்கு ஐம்பது கிராம் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. பின்னிய கொத்துகளைக் கையால் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுவதற்கு ஈடான மருந்து கொல்லையில் இல்லை. பத்துச் செடிக்குக் காலையில் ஐந்து நிமிஷ வேலை.

காய் சப்பையாகி, உள்ளே பயறு சுருங்கினால் நாவாய்ப்பூச்சி. விடியற்காலையில் அது சோம்பிக் கிடக்கும், சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே பிடித்துக் கொடியை உலுக்கினால் விழும். வெயில் ஏறினால் பறந்துவிடும்.

பனிக்காலத்தில் இலை மேல் மாவு தூவினாற்போல வந்தால் சாம்பல் நோய். இலையின் அடியில் செம்பழுப்புப் பொடியாக வந்தால் துரு. அடியிலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். அதிகமானால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம், மாலையில். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை பொசுங்கும்.

பறித்தல்

பயத்தங்காய் பிஞ்சாகவும் இருக்கக்கூடாது, பயறு புடைக்கவும் கூடாது. பூ விரிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் பதம் வரும். ஒடித்தால் பட்டென்று ஒடியும், நார் இழுக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டாயம் பறியுங்கள். ஒரே காம்பில் அடுத்த மொக்குகள் காத்திருக்கும் என்பதால், காயை ஒரு கையாலும் காம்பை இன்னொரு கையாலும் பிடித்துக் கிள்ள வேண்டும். இழுத்தால் மொக்கும் சேர்ந்து வந்துவிடும். இலையில் பனியோ மழையோ இருக்கும்போது செடிக்குள் கை விடாதீர்கள், நோயை நாமே பரப்பிய மாதிரி ஆகும்.

தவறவிட்டு முற்றிய காயைக் கொடியில் விட்டால் செடி வேலை முடிந்தது என்று நினைத்துப் பூப்பதை நிறுத்தும். அதை உரித்துப் பச்சைப் பயறாகக் கத்தரிக்காயோடு குழம்பில் போடலாம். அது தனி ருசி, காய்ந்த காராமணியில் கிடைக்காது.

விதை எடுத்தல்

தானே கருவுறும் பயிர் என்பதால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் விதை மாறாது. நன்றாகக் காய்த்த, நோயில்லாத இரண்டு மூன்று செடிகளை முதலிலேயே குறித்து, ஒரு துணி கட்டி வையுங்கள். அவற்றில் நடு வாரங்களில் வரும் நல்ல காய்களை நெற்றாக விடுங்கள். நெற்று பழுப்பாகி, ஆட்டினால் பயறு குலுங்கும்போது பறியுங்கள். மழை வரும்போல் இருந்தால் மஞ்சள் பாய்ந்ததுமே பறித்து, வீட்டுக்குள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளேயே முற்றிக் காயும்.

உரித்த பயறை இரண்டு மூன்று நாள் இளவெயிலில் காயவைக்க வேண்டும். பல்லால் கடித்தால் பள்ளம் விழக்கூடாது, டக்கென்று உடைய வேண்டும். வண்டு சேமிக்கும் டப்பாவில் பிறப்பதில்லை. கொல்லையிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டு, பயறுக்குள் குடியேறி நம்மோடு வீட்டுக்குள் வருகிறது. எனவே காய வைத்ததும் தாமதிக்காமல் கிலோவுக்கு ஐந்து முதல் பத்து மி.லி. ஆமணக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிப் பிசறுங்கள், முட்டை பொரிக்காது. எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் சலித்த அடுப்புச் சாம்பலில் புதைத்து, இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். மழைக்காலம் முழுக்க டெல்டாக் காற்றில் ஈரம் இருக்கும், துணிமூட்டையில் வைத்த விதை தைக்குள் முளைப்பை இழக்கும். டப்பா மேல் ரகப் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

கடைசிக் காய் பறித்ததும் செடியைப் பிடுங்காதீர்கள். தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள், முடிச்சில் இருக்கும் சத்து அடுத்த பயிருக்கு ஆகும். கொடியும் இலையும் மாட்டுக்கு நல்ல தீனி. மருந்து தெளித்திருந்தால் மட்டும் பதினைந்து நாள் கழித்துப் போடுங்கள். ஆடிப்பட்டம் முடிந்த பாத்தியில் மழை ஓய்ந்ததும் கீரையோ கத்தரியோ வைக்கலாம். அதே பாத்தியில் தையில் மறுபடியும் தட்டைப்பயறோ உளுந்தோ வேண்டாம். வேர் அழுகல் பூசணம் மண்ணில் தங்கிவிடும், ஒரு வருஷமாவது இடம் மாற்றுங்கள்.